2033-க்கு முன் யார் கொடுப்பது? அமெரிக்க ஓய்வூதியப் பற்றாக்குறையை அடைக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

2026 நவம்பரில் அமெரிக்கச் செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவர்களின் ஆறாண்டுப் பதவிக்காலம் 2033 ஜனவரியில் முடியும். சோஷியல் செக்யூரிட்டி எனப்படும் தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் முதியோர் நிதி, அதன் அறங்காவலர்கள் 2025-இல் அளித்த அறிக்கையின்படி, 2033-இல் தீர்ந்துபோகும். 2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட வரிச்சட்டத்தின் விளைவையும் சேர்த்துக் கணக்கிட்ட திட்டத்தின் தலைமை ஆக்சுவரி, அதாவது நிதியின் வருங்கால வரவுசெலவைக் கணிக்கும் வல்லுநர், அந்த நாள் 2032-இன் இறுதிக்கு நகர்ந்துவிட்டதாகத் தெரிவித்தார். ஆகவே இந்தத் தேர்தலில் வெல்லும் செனட்டர் எந்தக் கட்சியினராக இருந்தாலும், தம் பதவிக்காலத்திற்குள்ளேயே இந்தக் கணக்கைத் தீர்த்தாக வேண்டியவர் ஆகிறார்.

குடியுரிமை பெற்று அங்கு வாக்களிக்கும் தமிழர்களிடம் பேசும்போது ஒரே தடுமாற்றத்தைக் கேட்கிறேன். ஒரு வேட்பாளர் பணக்காரர்மீது வரியைக் கூட்டச் சொல்கிறார்; மற்றவர் ஓய்வு வயதை உயர்த்தச் சொல்கிறார்; மூன்றாமவர் பங்குச்சந்தையே கைகொடுக்கும் என்கிறார்; பெரும்பாலானோர் யாரும் எதையும் இழக்கமாட்டார்கள் என்று உறுதிகூறிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். இவற்றில் எதை ஆதரிப்பது என்று முடிவுசெய்ய உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

## பற்றாக்குறை என்பது என்ன

1935 ஆகஸ்டு 14 அன்று அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்த இத்திட்டம், இன்று உழைப்பவர் கட்டும் சம்பள வரியைக் கொண்டு இன்றைய முதியோருக்குப் பணம் கொடுப்பது. ஊழியர் 6.2 விழுக்காடு, நிறுவனம் 6.2 விழுக்காடு என ஊதியத்தில் மொத்தம் 12.4 விழுக்காடு இதற்குப் போகிறது. 1960-இல் பயன்பெறுபவர் ஒருவருக்கு ஐந்து உழைப்பாளிகள் இருந்தார்கள்; இன்று மூன்று பேர்கூட இல்லை. வரவைவிடச் செலவு மிகுந்துவிட்டதால், நல்ல காலத்தில் சேர்த்து வைத்த இருப்பு நிதியிலிருந்து எடுத்துக் கொடுத்து வருகிறார்கள். தீரப்போவது அந்த இருப்புதான். சம்பள வரி தொடர்ந்து வரும் என்பதால் ஓய்வூதியம் அடியோடு நின்றுவிடாது. ஆனால் வருகிற வரியைக் கொண்டு 77 விழுக்காடு மட்டுமே கொடுக்க முடியும் என்கிறது 2025 அறிக்கை.

மக்கள்தொகை மட்டுமே காரணம் என்று சொல்வது பாதி உண்மை. வரி விதிக்கப்படும் ஊதியத்திற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2026-இல் அது 1,84,500 டாலர். 1983-இல் நாட்டின் மொத்த ஊதியத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு அந்த வரம்பிற்குள் அடங்கியது. அதன்பின் மேல்தட்டினரின் ஊதியம் மற்றவர்களுடையதைவிட வேகமாக வளர்ந்ததால், இன்று ஏறத்தாழ 83 விழுக்காடே அடங்குகிறது. வரிவிகிதம் மாறாமலேயே வரி விழும் பரப்பு சுருங்கிவிட்டது.

பற்றாக்குறையின் அளவை உணர ஒரு கணக்குப் போதும். அடுத்த 75 ஆண்டுகளுக்கான துண்டை வரிவிகிதத்தை மட்டும் உயர்த்தி அடைப்பதானால், 12.4 விழுக்காட்டை உடனே ஏறத்தாழ 16 விழுக்காடாக்க வேண்டும்.

## எதைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல், அந்த வழி பற்றாக்குறையில் எவ்வளவை அடைக்கும் என்பது. இரண்டாவது, சுமை யார் தோளில் விழும் என்பது. சட்டத்தின் தலைப்பில் சொல்லப்படுபவரும் உண்மையில் சுமப்பவரும் பல நேரங்களில் வேறு வேறு ஆட்கள். மூன்றாவது, நூறு பேர் கொண்ட செனட்டில் வழக்கமான மசோதா முன்னேறத் தேவையான 60 வாக்கு கிடைக்குமா என்பது. பெரிய வரிச்சட்டங்களை எளிய பெரும்பான்மையில் நிறைவேற்றிக்கொள்ள இரு கட்சிகளும் பயன்படுத்தும் வரவுசெலவுச் சிறப்பு நடைமுறையில் சோஷியல் செக்யூரிட்டியைத் தொடக்கூடாது என்று சட்டமே தடுத்திருக்கிறது. ஆகவே வழக்கமான செனட் விதிகள் நீடிக்கும்வரை எந்தக் கட்சியும் இதைத் தனியாகச் செய்துவிட முடியாது.

நான்காவது அளவுகோலைத்தான் விவாதங்களில் காண்பதே அரிதாக இருக்கிறது. அந்த வழியால் வரும் பணம் எப்போது வந்து சேரும்? இருப்பு தீர முப்பது ஆண்டுகள் இருந்தால் இக்கேள்விக்கு முக்கியத்துவம் இல்லை. ஏழெட்டு ஆண்டுகளுக்கும் குறைவாக இருக்கும்போது, மற்ற மூன்றையும் இதுவே முந்திவிடுகிறது என்பது என் முடிவு. ஏன் என்பதைக் கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## வழி 1: வரி உச்சவரம்பை நீக்குவது அல்லது உயர்த்துவது

ஜனநாயகக் கட்சியினர் பெரும்பாலோர் விரும்பும் வழி இது. செனட்டர்கள் பெர்னி சாண்டர்ஸும் எலிசபெத் வாரனும் முன்வைத்த மசோதா 2,50,000 டாலருக்கு மேற்பட்ட வருவாய்க்கும், பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜான் லார்சனின் மசோதா 4,00,000 டாலருக்கு மேற்பட்ட ஊதியத்திற்கும் வரியை விரிக்கின்றன. உச்சவரம்பை முழுவதும் நீக்கி, கூடுதல் வரிக்கு ஈடாகக் கூடுதல் ஓய்வூதியம் தராமல் இருந்தால், 75 ஆண்டுப் பற்றாக்குறையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அடைபடும். தனியொரு மாற்றத்தால் இந்த அளவு கிடைப்பது அரிது. பணமும் சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் ஆண்டிலேயே வரத் தொடங்கும்.

முன்னுதாரணமும் உண்டு. மெடிகேர் எனப்படும் முதியோர் மருத்துவக் காப்பீட்டு வரிக்கு இருந்த உச்சவரம்பு 1993-இல் இயற்றிய சட்டத்தால் 1994 முதல் நீக்கப்பட்டது. இன்று அதைப் பற்றிப் புலம்புவோர் இல்லை.

நம் வாசகர்களில் பலரை நேரடியாகத் தொடுவதும் இந்த வழிதான். ஆண்டுக்கு 2,50,000 டாலர் ஊதியம் பெறும் மென்பொருள் பொறியாளருக்கு 2026-இல் செப்டம்பர் இறுதியோடு இந்தப் பிடித்தம் நின்று, அடுத்த சம்பளச் சீட்டில் கைக்கு வரும் தொகை கூடும். வரம்பு முழுவதும் நீங்கினால் அவருக்கு ஆண்டுக்கு 4,061 டாலர் கூடுதல் பிடித்தம். லார்சன் மசோதாவின்படியோ அவர் ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கட்டமாட்டார். வரம்பு குடும்பத்திற்கு அன்று, ஆளுக்குத்தான் என்பதால் இருவரும் வேலைபார்க்கும் வீடுகள் தனித்தனியே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. நிறுவனம் கட்டும் பாதியும் காலப்போக்கில் ஊழியரின் ஊதிய உயர்விலிருந்தே எடுக்கப்படும் என்பது பொருளியலாளர் பலரின் கருத்து. அதை ஏற்றால் மேலே சொன்ன 4,061 டாலர் இரு மடங்காகும். அடுத்து, மிக உயர்ந்த வருவாய் உள்ளவர்கள் ஊதியத்தைத் தொழில் இலாபமாகவோ முதலீட்டு ஆதாயமாகவோ மாற்றிக் காட்டும் வழிகளைத் தேடுவார்கள், ஆகவே ஏட்டில் எழுதிய தொகை முழுதும் வந்து சேராது. மூன்றாவது செலவுதான் எனக்குக் கவலை தருவது. மேற்சொன்ன இரண்டு மசோதாக்களும் வரியைக் கூட்டுவதோடு ஓய்வூதியத்தையும் உயர்த்துகின்றன. ஏழை முதியோருக்கு அது தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பள்ளத்தை மூட வாங்கிய மண்ணில் ஒரு பகுதியைக் கொண்டு மேடு கட்டினால் பள்ளம் அந்த அளவுக்குத் திறந்தே கிடக்கும்.

குடியரசுக் கட்சியினரின் எதிர்ப்புக்கு வரி வெறுப்பு மட்டுமே காரணம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. கட்டியவருக்குக் கட்டியதற்கேற்ப ஓய்வூதியம் என்ற உறவு இருப்பதால்தான் இத்திட்டம் இலவசமாகக் கருதப்படாமல் உரிமையாகக் கருதப்படுகிறது. மேல்தட்டு வரிக்கு ஓய்வூதியம் இல்லையென்றால் அந்த உறவு தளரும் என்பது அவர்களின் வாதம். ரூஸ்வெல்ட்டே போற்றிய உறவு அது. மறுபக்கம், ஓய்வூதியம் தரும் சூத்திரம் இப்போதே குறைந்த ஊதியத்திற்கு 90 விழுக்காடும் உயர்ந்த பகுதிக்கு 15 விழுக்காடும் கணக்கிடுகிறது. அந்த உறவு தொடக்கம் முதலே சமமான ஒன்றன்று.

எச்1பி விசாவில் இருப்பவர்களும் இந்த வரியைக் கட்டுகிறார்கள். ஓய்வூதியத் தகுதிக்கு 40 புள்ளிகள், அதாவது குறைந்தது பத்தாண்டு உழைப்பு தேவை. ஒரு நாட்டில் கட்டியதை மற்ற நாட்டில் கணக்கில் சேர்க்கும் உடன்படிக்கை இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இல்லாததால், பத்தாண்டுக்கு முன் நாடு திரும்புபவருக்குத் தாம் கட்டிய பணத்தால் பயன் ஏதுமில்லை. வரம்பு உயர்ந்தால் அந்த இழப்பும் உயரும்.

இந்த வழி சிறந்ததாகும் நிலை: இருப்பு தீர்வதற்குள் பணம் கைக்கு வரவேண்டும் என்பதே முதல் தேவையாக இருக்கும்போது.

## வழி 2: முழு ஓய்வு வயதை உயர்த்துவது

1960-இலும் அதன் பின்னும் பிறந்தவர்களுக்கு முழு ஓய்வூதிய வயது 67. குடியரசுக் கட்சி உறுப்பினர்களின் ஆய்வுக் குழு தன் 2024 வரவுசெலவுத் திட்ட முன்மொழிவில் இதைப் படிப்படியாக 69 ஆக்கப் பரிந்துரைத்தது. மக்கள் நெடுநாள் வாழ்கிறார்கள், ஆகவே நெடுநாள் உழைக்கட்டும் என்ற வாதம் கேட்க எளிமையானது.

ஆனால் பெயர்தான் வயது உயர்வு. செயல் ஓய்வூதியக் குறைப்பு. 62 வயதிலேயே ஓய்வூதியம் பெறத் தொடங்கலாம் என்ற விதி அப்படியே இருக்கும். முழு வயது 67 ஆக இருக்கையில் 62-இல் தொடங்குபவருக்கு 70 விழுக்காடு கிடைக்கிறது. இன்றைய சூத்திரத்தை மாற்றாமல் முழு வயதை 69 ஆக்கினால் அவருக்கு 60 விழுக்காடுதான். முழு ஓய்வூதியம் 2,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் மாதம் 1,400 டாலர் வாங்கியிருக்க வேண்டியவர் 1,200 வாங்குவார், வாழ்நாள் முழுவதும். 62-இல் யார் வேலையிலிருந்து நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கூரை வேய்பவர், மருத்துவமனையில் நோயாளிகளைத் தூக்கி அமர்த்தும் உதவியாளர், கிடங்கில் பெட்டி அடுக்குபவர் எனப் பலர் விரும்பி நிற்பதில்லை. உடல் ஒத்துழைக்காமல் நிற்கிறார்கள்.

நெடுநாள் வாழ்வதும் எல்லோருக்கும் ஒன்றாக நிகழவில்லை. தேசிய அறிவியல் கழகங்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1960-இல் பிறந்த ஆண்களில் வருவாயின் மேல் ஐந்தில் ஒரு பங்கினர் ஐம்பது வயதிலிருந்து இன்னும் ஏறத்தாழ 39 ஆண்டுகள் வாழ்வார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டது. கீழ் ஐந்தில் ஒரு பங்கினருக்கு 26 ஆண்டுகளே. பதின்மூன்று ஆண்டு வேறுபாடு. இரு தரப்பிலிருந்தும் இரண்டு ஆண்டுகளைக் கழிப்பது சமமான தியாகமாகத் தோன்றலாம், ஆனால் குறைவாக உள்ளவரிடமிருந்து கழிக்கும்போது அதன் பங்கு பெரிதாகிறது. உழைக்க முடியாதவர்கள் ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பார்கள் என்பதால் சேமிப்பின் ஒரு பகுதி வேறு கணக்கில் செலவாகத் திரும்பி வரும்.

நியாயத்தை ஒரு பக்கம் வைத்தாலும், காலக் கணக்கில் இந்த வழி தேறவில்லை. 1983-இல் வயதை 65-இலிருந்து 67-க்கு உயர்த்தும் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் டெக்சஸைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சிக்காரர் ஜேக் பிக்கிள் என்பதை இரு கட்சியினரும் மறந்துவிட்டார்கள். பிரதிநிதிகள் சபையில் அது 228-க்கு 202 என்ற கணக்கில் நிறைவேறியது. அந்த உயர்வு முதன்முதலில் தொட்டது 2000-ஆம் ஆண்டில் 62 வயதை எட்டியவர்களை. முழுமையாக நடைமுறைக்கு வருவது 1960-இல் பிறந்தவர்கள் 67 வயதை அடையும் 2027-இல். சட்டத்திற்கும் முழுப் பயனுக்கும் இடையே 44 ஆண்டுகள். ஓய்வை நெருங்கியவர்களின் திட்டத்தைக் குலைக்கக்கூடாது என்பதால் அப்படித்தான் செய்யவும் முடியும். ஆகவே இன்றே சட்டம் இயற்றினாலும் 2033-க்குள் இதிலிருந்து வரும் சேமிப்பு மிகச் சொற்பம்; 69 வரை உயர்த்தினாலும் 75 ஆண்டுப் பற்றாக்குறையில் அடைபடுவது பாதிக்கும் குறைவே.

இந்த வழி சிறந்ததாகும் நிலை: உடனடித் துண்டை வேறொன்று அடைத்துவிட, 2050-க்குப் பிந்தைய செலவைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கும்போது, அதுவும் உடலுழைப்பாளருக்கும் குறைந்த ஊதியத்தாருக்கும் தனிப் பாதுகாப்பு சேர்த்தால் மட்டும்.

## வழி 3: கடன் வாங்கி முதலீடு செய்வது

லூசியானாவின் பில் காசிடி குடியரசுக் கட்சிச் செனட்டர். வர்ஜீனியாவின் டிம் கெய்ன் ஜனநாயகக் கட்சிச் செனட்டர். இருவரும் சேர்ந்து 2025-இல் முன்வைத்த திட்டம், ஐந்தாண்டுகளில் 1.5 லட்சம் கோடி டாலரைத் தனி நிதியமாக்கிப் பங்குகளிலும் பிற முதலீடுகளிலும் போட்டு, 75 ஆண்டுகள் வளரவிடுவது. இன்றைய இருப்பு அரசுக் கடன் பத்திரங்களில் மட்டுமே இருக்கச் சட்டம் வகைசெய்கிறது. பங்குகளின் நீண்டகால வருவாய் அதைவிடக் கூடுதல் என்பதே அடிப்படை.

இரு கட்சியினர் ஒரே மேசையில் அமர்ந்து எழுதியது என்பதே இதன் பெருஞ்சிறப்பு. வரி கூடாது, ஓய்வூதியம் குறையாது என்பதால் இரு பக்கமும் வாக்காளர்களிடம் சொல்ல முடியும். 2005-இல் அதிபர் ஜார்ஜ் புஷ் முன்வைத்த தனிநபர் முதலீட்டுக் கணக்குகளைப் போன்றதன்று இது. சந்தை விழுந்தால் தனி மனிதரின் ஓய்வூதியம் விழாது.

ஆனால் இடைப்பட்ட 75 ஆண்டுகளில் மாதாமாதம் குறையும் பணத்திற்கு அரசு மேலும் கடன் வாங்கித்தான் கொடுக்க வேண்டும். விதைத்த தொகையைவிட அந்தக் கடன் பன்மடங்கு பெரியது. 2024 நிதியாண்டிலேயே நிகர வட்டிச் செலவு பாதுகாப்புத் துறைச் செலவைத் தாண்டிவிட்டது. கடன் வட்டி உயர்ந்தால் திட்டத்தின் கணக்கே புரளும். 2008-இல் எஸ் அண்ட் பி 500 என்ற பங்குச்சந்தைக் குறியீடு ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது போன்ற ஆண்டுகளில், நிதியத்தைக் கலைக்கச் சொல்லும் அரசியல் குரலுக்கு எதிரே எத்தனை காங்கிரஸ்கள் (அமெரிக்க நாடாளுமன்றங்கள்) உறுதியாக நிற்கும் என்ற கேள்வியும் உண்டு.

கனடாவை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். கனடா ஓய்வூதிய நிதி சந்தையில் முதலீடு செய்து வளர்ந்தது உண்மை. ஆனால் அங்கே முதலீட்டுக்கான பணம் கடனாக வரவில்லை, 1996-இல் 5.6 விழுக்காடாக இருந்த பங்களிப்பை 2003-க்குள் 9.9 விழுக்காடாக உயர்த்தினார்கள். இந்தப் பாதி கதையில் விடுபட்டுவிடுகிறது.

இந்த வழி சிறந்ததாகும் நிலை: வட்டி குறைவாகவும் அரசுக் கடன் சிறிதாகவும் உள்ள காலம். 1999-இல் உபரி இருந்தபோது அதிபர் கிளின்டன் அதன் ஒரு பகுதியைப் பங்குகளில் இடலாம் என்றார். அன்று அது இன்றைவிடப் பொருத்தமான யோசனையாக இருந்தது.

## வழி 4: தொடாமல் விடுவது

இதை யாரும் வழியாக அறிவிப்பதில்லை. ஆனால் இரு கட்சித் தலைமைகளும் இதுவரை நடைமுறையில் தேர்ந்திருப்பது இதையே. 2023 பிப்ரவரியில் அதிபர் பைடன் காங்கிரஸில் உரையாற்றுகையில், ஓய்வூதியத்தைக் குறைக்கமாட்டோம் என்பதற்கு இரு பக்கத்தவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சட்டம் மாறாவிட்டால் குறைப்பு தானாக நிகழும் என்பதை அன்று யாரும் சொல்லவில்லை: 2,000 டாலர் பெறுபவர் 1,540 டாலர் பெறுவார், ஏழை என்றும் தொண்ணூறு வயதானவர் என்றும் பார்க்காமல்.

தொடாமல் விடுவதுகூட அல்ல, இரு கட்சியினரும் நிலைமையை மோசமாக்கியிருக்கிறார்கள் என்பதே என் வருத்தம். 2025 ஜனவரி 5 அன்று பைடன் கையெழுத்திட்ட சட்டம், தனி ஓய்வூதியம் உள்ள அரசு ஊழியர் சிலருக்குச் சோஷியல் செக்யூரிட்டித் தொகையில் இருந்த குறைப்புகளை நீக்கியது. செனட்டில் 76-க்கு 20 என்று இரு கட்சியும் வாக்களித்த அதற்குப் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 19,600 கோடி டாலர் செலவு. ஆறு மாதம் கழித்து டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் முதியோருக்கு 6,000 டாலர் வரிக்கழிவு தந்தது. ஓய்வூதியத்தின்மீது விழும் வருமான வரியின் ஒரு பகுதி இந்த நிதிக்கே வருவதால் அந்த வரவும் குறைந்தது. பயன்பெற்றோர்மீது குறையில்லை. ஈடுகட்டும் வரவைச் சேர்க்காமல் கொடுத்ததுதான் பிழை.

## 1983 கற்றுத்தரும் வரிசை

அன்று நிதி தீரச் சில மாதங்களே இருந்தன. ஆலன் கிரீன்ஸ்பன் தலைமையிலான இருகட்சி ஆணையம் முட்டுக்கட்டையில் நின்றது. 1983 ஜனவரித் தொடக்கத்தில் ஜனநாயகக் கட்சியின் மொய்னிஹனும் குடியரசுக் கட்சியின் பாப் டோலும் செனட்டில் பேசிக்கொண்டதிலிருந்து மீண்டும் உயிர்பெற்று, அதிபர் ரீகனும் சபைத்தலைவர் டிப் ஓ'நீலும் ஏற்கும் உடன்பாடாகி, ஏப்ரல் 20 அன்று சட்டமானது. அந்தச் சட்டத்தில் உடனடிப் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், திட்டமிட்ட வரி உயர்வை முன்கூட்டியே கொண்டுவந்தது, புதிய மத்திய அரசு ஊழியர்களையும் திட்டத்தில் சேர்த்தது, ஓய்வூதியத்தின் ஒரு பகுதிக்கு வருமான வரி விதித்தது, விலைவாசி உயர்வுப் படியை ஆறு மாதம் தள்ளியது ஆகிய நான்கிலிருந்தும். வயது உயர்வு நெடுங்காலத்திற்கு. அவசரத்திற்கு ஒன்று, தொலைவுக்கு ஒன்று என்ற அந்தப் பிரிப்பினால்தான் இரு கட்சியும் கையெழுத்திட முடிந்தது.

அந்த வரிசையை இன்று பின்பற்றினால், முதலில் உச்சவரம்பை மொத்த ஊதியத்தில் 90 விழுக்காடு அடங்கும் அளவுக்குச் சில ஆண்டுகளில் உயர்த்துவது, அதோடு உயர்வருவாயினரின் ஓய்வூதிய வளர்ச்சியை மெல்லக் குறைப்பது, வயது உயர்வைக் குறைந்த ஊதியத்தாருக்கு விலக்களித்துத் தொலைதூரத்தில் தொடங்குவது என்று அமையும். நான் இதையே ஆதரிப்பேன், எனக்கும் பிடித்தம் கூடும் என்று தெரிந்தே. வரி உயர்வை உண்மையிலேயே குறைவாக வைக்க விரும்பும் குடியரசுக் கட்சி வாக்காளருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். மெல்லப் பலன் தரும் செலவுக் குறைப்புகள் ஒவ்வோர் ஆண்டுத் தாமதத்திலும் பயனிழக்கின்றன. 2032-இல் மேசையில் எஞ்சியிருப்பவை பெரும் வரியும் பெருங்கடனும்தான்.

ஆகவே வேட்பாளர் கூட்டத்தில் கைதூக்கும் வாய்ப்புக் கிடைத்தால், ஓய்வூதியத்தைக் காப்பீர்களா என்று கேட்க வேண்டாம். எல்லோரும் ஆம் என்பார்கள். நீங்கள் சொல்லும் வழியில் 2033-இல் எவ்வளவு பணம் வரும், எதிர்க்கட்சியில் அதற்கு வாக்களிக்கக்கூடியவர் யார் என்ற இரண்டையும் கேளுங்கள்.